இரண்டாவது கல்

முதல் கல் குறி தப்பவில்லை. கண்ணாடிதான் ஏமாற்றிவிட்டது.

எர்ணாவூருக்கு அப்பால் ரயில் பாதை சாலையை ஒட்டி வரும் இடம் ஒன்று உண்டு. பாதை மேட்டில் தாழம்புதர்கள். அங்கே படுத்திருந்தால் சாலையில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு ராமதாஸ் அந்த வழியாக எண்ணூருக்குப் போவான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். காரின் துணிக்கூரையை எப்போதும் மடக்கித்தான் வைத்திருப்பான். அந்த நேர்ச் சாலையில் ஐம்பது மைல் வேகத்துக்குக் குறைய மாட்டான். ஐந்து ஞாயிறுகள் பார்த்துவிட்டு, ஆறாவது ஞாயிறு தண்டவாளத்துச் சல்லியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தேன்.

கல் அவன் முகத்துக்கு நேராகப் பட்டது. கண்ணாடி சிதறும், கார் பள்ளத்தில் உருளும் என்று எண்ணியிருந்தேன். கார் ஒரு முறை வளைந்து, நூறு கஜம் தள்ளி நின்றது. அவன் இறங்கிப் பார்த்தான். கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை போல விரிசல். ஆனால் ஒரு துண்டு கூட விழவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அந்தக் கைக்குட்டையைப் பார்த்தான். அதில் ரத்தம் இல்லை. மாடு மேய்க்கும் பையன்கள் யாரோ என்று நினைத்து நாலு பக்கமும் திரும்பித் திட்டினான். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. வரும் என்று தெரியும். ராயபுரத்தில் அந்தக் காரைத் தொடத் தெரிந்த பட்டறை கஸ்பாருடையது ஒன்றுதான். அதற்காகத்தான் நான் துறைமுகத்துக் கம்பெனியில் எழுத்தர் வேலையை விட்டு, பத்து மாதங்களுக்கு முன் அங்கே சேர்ந்திருந்தேன்.

கஸ்பார் ஆங்கிலோ இந்தியர். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் இருபது வருஷம் இருந்தவர். தமிழும் அங்கே கற்றதுதான். என் பெயர் ஜெயவேல் என்று சேர்ந்த அன்று ஒரு முறை சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் நான் பி.ஏ. முதல் மெக்கானிக் வேலப்பன் என் கையைப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவான்: "பாரு, சர்க்காரு கையெழுத்து போட வேண்டிய கை. க்ரீஸுக்கு இன்னாமா ஒத்துக்கினு கீது." எனக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. அதனாலேயே அவன் விடாமல் சொல்வான்.

பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் வேலப்பன் ஒருவன் கைதான் படும். அதைக் கஸ்பார் மாற்ற மாட்டார். என் பொறுப்பில் சாமான் அறையும், கதவு, கண்ணாடி, சீட்டு போன்ற மேல் வேலைகளும் இருந்தன. ஆகவே எனக்கு எட்டியது கல் ஒன்றுதான்.

விரிந்த கண்ணாடியைக் கஸ்பார் எங்களுக்குக் காட்டி விளக்கினார். இரண்டு மெல்லிய கண்ணாடிகள், நடுவில் செல்லுலாயிட் தாள் ஒட்டியது. அடிபட்டால் விரியும், பிரியாது. சாதாரணக் கண்ணாடியாக இருந்திருந்தால் முதலாளியின் கழுத்தில் பாதி இறங்கியிருக்கும் என்றார். ராமதாஸ் அருகில் நின்று தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரரின் மகன். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் குங்குமம். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பத்து மாதமாக அவன் காரின் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் தெரிந்ததில்லை.

"சனிக்கெழம ரெடியாவணும் கஸ்பார். ஞாத்திக்கெழம எனுக்கு எண்ணூரு போயே ஆவணும்" என்றான்.

கஸ்பார் என்னைப் பார்த்தார். பம்பாயில் நொறுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து வாங்கிய அதே மாதிரி இரட்டைக் கண்ணாடிப் பலகை ஒன்று என் சாமான் அறையில் இருந்தது. அதை அளவுக்கு அறுத்துவரும்படி சொன்னார்.

சரி என்றேன்.

ராமதாஸ் செய்தது சட்டப்படி எந்தக் குற்றத்திலும் வராது. அதனால் எந்தக் காவல் நிலையத்திலும் அதைச் சொல்ல முடியாது.

போன மாசி மாதம், திருவொற்றியூர்த் தேர் நாள். நாங்கள் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். வலி பதினைந்து நாள் முன்னாலேயே பகல் பதினொரு மணிக்கு வந்துவிட்டது. கூடவே ரத்தமும். ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா தேடி ஓடினேன். ஒரு வண்டி இல்லை. எல்லா ஜட்காக்களும் கோயில் பக்கம் போயிருந்தன. கடைசியில் விறகுக் கடைத் தள்ளுவண்டி கிடைத்தது. பாய் விரித்து, அவளைப் படுக்க வைத்தோம். அன்று பண்டிகை என்று காலையில் மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மா, வாயும் வயிறுமாக இருப்பவளை உச்சி வெயிலில் தெருவில் வெறுமனே கொண்டுபோகக் கூடாது, காத்து கருப்பு அண்டும் என்று வேப்பங்கொத்து ஒடித்து என் கையில் கொடுத்தாள். தலைமாட்டில் கொஞ்சம், வயிற்றின் மேல் கொஞ்சம் வைக்கச் சொன்னாள். கல்லூரியில் இதையெல்லாம் கேலி செய்து கட்டுரை எழுதியவன் நான். அன்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். வைத்தேன்.

டோல்கேட் அருகில் அவள் கண் செருகியது. அப்போது எதிரே, ராயபுரம் பக்கமிருந்து, பச்சைக் கார் வந்தது. நடுச் சாலையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன். கார் நின்றது. பத்தடி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. வண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கத்தினேன். அவன் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பி, வந்த வழியே போய்விட்டான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். தள்ளுவண்டியில் தண்டையார்பேட்டை வரைதான் போக முடிந்தது. அதற்கு மேல் போகத் தேவை இருக்கவில்லை. குழந்தையும் உள்ளேயே போய்விட்டது.

சாமான் அறையில் இருந்த இரட்டைக் கண்ணாடியைக் கோணியில் சுற்றி டயர்களுக்குப் பின்னால் ஒளித்தேன். பழைய கண்ணாடியின் அளவைப் பழுப்புத் தாளில் வரைந்துகொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அங்கே அப்துல் வஹாப் நிலைக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பட்டறைக்கு வேண்டிய கண்ணாடிகளை அவர்தான் அறுத்துக் கொடுப்பார். ஐம்பது வயது, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு, வாய் ஓயாது.

சாதாரணக் கண்ணாடியில், கால் அங்குலத் தடிப்பில் வேண்டும் என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் காரை அவருக்கும் தெரியும். கஸ்பார் இரட்டைக் கண்ணாடி வைத்திருக்கிறாரே என்று கேட்டார். அந்தப் பலகை வெயிலில் முழுக்க மஞ்சளித்துவிட்டது, கார் முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்று பொய் சொன்னேன். மெட்ராஸ் வெயிலில் செல்லுலாயிட் மஞ்சளிப்பது உண்மைதான். அவர் நம்பினார். ஆனாலும் வைரக்கருவியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு நிறுத்தினார்.

"இது ஒடஞ்சா கத்தி மாதிரி நிக்கும் மாமு. யாரு மூஞ்சிக்கு முன்னாடி வெக்கப் போறே?"

"பெரிய மனுஷன் மூஞ்சிக்கு" என்றேன்.

"அப்ப சரி. அவங்களுக்குத்தான் தோலு தடிப்பு."

ஒரே கீறல். மேஜை விளிம்பில் வைத்துத் தட்டினார். கோடு போட்ட இடத்தில் சுத்தமாகப் பிரிந்தது. மிஞ்சிய துண்டு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. குனிந்து பார்த்தேன். நீளமான, மெல்லிய, முனை கூரிய துண்டுகள். அவர் சொன்னது சரி. புதுக் கண்ணாடியின் மேல் இரண்டு விரலால் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். கண்ணாடி இருப்பது தெரியாமல் யாரும் இடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் போடுவது.

வெள்ளிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். பித்தளைச் சட்டத்தின் அடிப்பகுதித் திருகுகளைக் கழற்றி, விரிந்த கண்ணாடியை உருவி எடுத்தேன். சட்டத்தில் கண்ணாடி செருகும் காடியில் பழைய ரப்பரைச் சுரண்டினேன். புது ரப்பரைப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைக் கீழிருந்து ஏற்றினேன். இரட்டைக் கண்ணாடியின் விளிம்பில் நடுக்கோடு ஒன்று தெரியும். சட்டத்துக்குள் போய்விட்டால் விளிம்பை யாரும் பார்க்க முடியாது. ஒரே ஆபத்து சத்தம். இரட்டைக் கண்ணாடியைத் தட்டினால் மரப்பலகை மாதிரி மந்தமாகக் கேட்கும். ஒற்றைக் கண்ணாடி கணீரென்று சொல்லிவிடும். கஸ்பார் எந்தக் கண்ணாடியையும் தன் மோதிரத்தால் தட்டாமல் விடமாட்டார். அதனால் காடிக்குள் ரப்பருக்கு அடியில் கம்பளித் துணியை நெருக்கமாகத் திணித்தேன். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. வேலப்பன் வந்து பார்த்து, கல்யாணப் பெண்ணுக்கு ஜடை போடுகிறவன் போல உட்கார்ந்திருக்கிறேன் என்றான்.

சனிக்கிழமை காலை கஸ்பார் வந்து மோதிரத்தால் தட்டினார். மந்தமாகக் கேட்டது. இன்னொரு மூலையில் தட்டினார். தலையாட்டினார்.

என் கால்சட்டைப் பையில் இரண்டாவது கல் இருந்தது. முதல் கல்லை எடுத்த அன்றே எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருந்தேன்.

கஸ்பாரின் பட்டறையில் ஒரு கட்டாயம் உண்டு. வேலை முடிந்த வண்டியை அதன் சொந்தக்காரர் ஓட்டிப் பார்க்கும்போது, அந்த வேலையைச் செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். பிரேக் போட்டவன் பிரேக்கை நம்பி உட்கார வேண்டும், சக்கரம் மாட்டியவன் சக்கரத்தை நம்பி உட்கார வேண்டும். அப்போதுதான் திருகை ஒழுங்காக முடுக்குவான் என்பார். எனக்கு அது பற்றிக் கவலை இருக்கவில்லை. நாளை எறியப் போகும் கல்லுக்கு இன்று பயப்பட வேண்டியதில்லை. இன்றே ஏதாவது பட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தேன்.

பகல் பத்து மணிக்கு ராமதாஸ் வந்தான். சுண்ணாம்புக் குறியை ஈரத் துணியால் துடைத்தேன். அவன் ஏறினான். நான் பக்கத்தில் ஏறினேன். அன்று காலியாக இருந்த இருக்கை.

தண்டையார்பேட்டை வரை வண்டிகள் நெருக்கம். அதைத் தாண்டியதும் வேகம் எடுத்தான். புதுக் கண்ணாடி தெளிவாக இருந்தது. பழசைவிட நன்றாகத் தெரிகிறது, சாலை கையால் தொடுகிற மாதிரி இருக்கிறது என்று மெச்சினான். நல்ல வேலைக்காரன் என்று என்னைச் சொன்னான். காற்றில் அவன் பேசுவது பாதிதான் கேட்டது.

டோல்கேட் வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். இடது கையை ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து எடுத்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். கோயிலைக் கடக்கும்போது போட்டுக்கொள்கிற மாதிரி. அங்கே கோயில் இல்லை. சாலையோரத்தில் உடைந்த உப்பு வண்டி ஒன்றும், ஒரு சாக்கடையும்தான் இருந்தன. நான் கைகளை நீட்டி நின்ற இடம் அது.

"இங்க என்ன சார் கோயில்?" என்று கேட்டேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னான். போன வருஷம் தேர் நாளில் இந்த இடத்தில் ஒரு அம்மை கண்ட பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்களாம். ஒருவன் குறுக்கே வந்து காரை மறித்தானாம். தன் வீட்டில் அப்போது இருபது நாள் கைக்குழந்தையாம். அதற்கு முந்திய வருஷம் மூத்த பெண் குழந்தை அம்மையில்தான் போயிருந்தது.

"மஞ்சப் பொடவ. தல மாட்டுல வேப்பல, மேல வேப்பல. ஆத்தாளே வண்டியில வர்றா மாதிரி கீது. நான் எப்டிப்பா ஏத்துவேன்? திரும்பிட்டேன். மூணு நாளு கொழந்தயத் தொடல. அதுக்கப்பறம் இந்த எடத்துல கன்னத்துல போட்டுக்காம போறதில்ல."

எண்ணூர்ச் சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மாதங்களாக, அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். மறந்தவனைக் கொல்வதற்குத்தான் கல் வைத்திருந்தேன். இவன் வாரம் ஒரு முறை அவளைக் கும்பிட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன். "சட்டத்துல ஒரு திருகு ஆடுது."

நிறுத்தினான். இறங்கச் சொன்னேன். இறங்கினான். இருவரும் காருக்கு முன்னால் நின்றோம்.

"அது அம்மை இல்ல" என்றேன். "பிரசவம். வேப்பிலை நான் வெச்சது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான். சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பத்தடி தூரத்தில் பார்த்தவனை இப்போது தேடினான். கண்டுபிடித்ததும் அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வேப்பங்கொத்து என் கையில்தான் இருந்தது. அவன் மேல் இருந்த கோபம் ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. ஆனால் நாளைக்கு நான் மேட்டில் படுத்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். கல் என் பையில் இருக்கும். கண்ணாடி அவன் முகத்துக்கு நேராக இருக்கும். படுத்திருந்தால் எறிந்துவிடுவேன். கெங்கம்மா கொடுத்ததை வாங்கி வைத்த அதே கையால்.

கல்லை எடுத்தேன். அவன் ஒரு அடி பின்வாங்கினான். நான் காரைப் பார்த்து எறிந்தேன்.

இந்த முறை கண்ணாடி ஏமாற்றவில்லை. மொத்தமாக உள்ளே இறங்கியது. முழங்கை நீளத் துண்டுகள் ஓட்டுகிறவன் இருக்கையில் விழுந்தன. ஒன்று தோல் மெத்தையில் குத்திச் செங்குத்தாக நின்று கொஞ்ச நேரம் ஆடியது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"போன வாரமும் நீதானா?"

"நான்தான். அந்தக் கண்ணாடி உங்களைக் காப்பாத்திடுச்சி. அதனால இத போட்டேன். உங்களுக்குன்னு வெட்டினது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து, வெள்ளைக் கால்சட்டையோடு சாலை மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்கிக் கேட்டான்.

"அவங்க பேரு இன்னா?"

நான் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டான். அப்போதும் சொல்லவில்லை. அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை. அதை மட்டும் கொடுக்காமல் இருக்க முடிந்தது.

வெறுங்காலில் நடக்கிறவர்கள் வரும் சாலை. கீழே சிந்திய துண்டுகளை ஒரு பழைய கோணியால் கூட்டிப் பள்ளத்தில் தள்ளினேன். இருக்கையில் நின்ற துண்டை அவனே துணி சுற்றிப் பிடுங்கினான். அதைத் தூக்கி எறியாமல் காலடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடி இல்லாத காரில், முகத்தில் மண் அடிக்க, ராயபுரம் திரும்பினோம்.

பட்டறையில் கஸ்பார் ஓடிவந்தார். யாரோ மறுபடியும் கல்லெறிந்துவிட்டான் என்று ராமதாஸ் சொன்னான். என்னைப் பார்க்காமல் சொன்னான். அவன் கொடுக்கும் எதையும் வாங்குகிற எண்ணம் எனக்கு இல்லை. எறிந்தது நான்தான், போட்டது ஒற்றைக் கண்ணாடி, நல்ல கண்ணாடி டயர்களுக்குப் பின்னால் கோணியில் இருக்கிறது என்று கஸ்பாரிடம் சொன்னேன். அவர் சட்டத்தின் காடிக்குள் விரலை விட்டு என் கம்பளித் துணியை இழுத்து வெளியே எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று எனக்கு வாசலைக் காட்டினார். வேலப்பன் அன்று என் கையைப் பிடித்து யாருக்கும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டோல்கேட்டுக்குப் போனேன். பையில் ஒன்றும் இல்லை. உடைந்த உப்பு வண்டியின் மேல் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குக் கார் வந்தது. நான் ஒளித்து வைத்திருந்த இரட்டைக் கண்ணாடியைப் போட்டிருந்தார்கள், லேசான மஞ்சள். மிக மெதுவாக வந்தது. சக்கரத்திலிருந்து அவன் கை எழும்பியது. என்னைப் பார்த்தான். கை கன்னத்துக்குப் போகாமல் திரும்பச் சக்கரத்துக்கே போய்விட்டது.

அடுத்த ஞாயிறும் போனேன்.